ஓரத்தைப் பிடிங்க, சித்தி!

அமெரிக்கா வந்து பத்து நாளில் நான் வாங்கிய முதல் திட்டு இதுதான். திட்டியவனுக்கு வயது பன்னிரண்டு. அக்கா மகன். கையில் கொடுத்த பேஸ்பால் கார்டை, அப்பளம் எடுப்பதுபோல நடுவில் கட்டைவிரலை வைத்துத் தூக்கிவிட்டேனாம். "கைரேகை விழுந்தா போச்சு சித்தி!" என்று அவன் அலறிய அலறலில் கடையே திரும்பிப் பார்த்தது.

கடை நியூ ஜெர்சியில், முடிவெட்டும் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை. கதவு திறக்கும் முன்பே வாசலில் ஏழெட்டுப் பேர். பிள்ளைகளுக்குத் துணையாக வந்த அப்பாக்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுதான் இல்லை. நரைத்த தாடிக்காரர்கள், தனியாகவே வந்திருந்தார்கள். 'போமன்' புது சரக்கு இறங்கிய வாரமாம் அது.

போமன் என்றால் என்ன என்று கேட்டதற்கு அக்கா மகன் பார்த்த பார்வையை விடுங்கள். இந்தக் கார்டு வரிசையில் பெரிய நட்சத்திரங்களும் உண்டு, ஆனால் கூட்டம் அவர்களுக்காக வருவதில்லை. கீழ்நிலை லீக்குகளில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடிக்கொண்டிருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களுக்காகத்தான் இத்தனை தள்ளுமுள்ளு. 'பிராஸ்பெக்ட்' என்கிறார்கள். ஒரு பையன் போமனில் முதன்முதலாக வரும்போது அட்டையில் 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு முத்திரை விழும். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு 'பையன் பெரிய ஆளா வருவான்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைப் பளபளவென்று அச்சடித்து உறையில் போட்டு விற்கிறார்கள்! அதிலும் நிறத்துக்கு ஒரு மவுசு. கையெழுத்துப் போட்ட நீல ஓரக் கார்டு என்றால் 150 பிரதி. தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. உச்சாணிக் கொம்பில் 'சூப்பர்ஃபிராக்டர்'. உலகத்துக்கே ஒன்று.

உறையைக் கிழிப்பதற்கு 'ரிப்' என்று பெயர். சரக், சரக். யாரும் பேசுவதில்லை. ஒரு தாடிக்காரர் கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ரம்மியில் கடைசிச் சீட்டை உருவுவதுபோல, மெல்ல மெல்ல நகர்த்திப் பார்க்கிறார். ஆரஞ்சு ஓரம் கொஞ்சமாக எட்டிப் பார்த்ததும் "ஓ!" என்று ஒரு சத்தம். சத்தம் போட்டது நான்தான். கார்டு அவருடையது.

கடைக்காரர் சிரித்துவிட்டு எங்களைப் பின்கட்டுக்குள் விட்டார். ஐயோ, அந்தப் பின்கட்டு! மேஜைக்கு மேலே கேமரா, வட்ட விளக்கு. இங்கேதான் 'பிரேக்' நடக்கிறது. ஆளுக்கு ஒரு டீம் என்று பணம் கட்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க, இவர் நேரலையில் பெட்டி பெட்டியாகப் பிரிப்பார். யாங்கீஸுக்குக் கட்டியிருந்தால் யாங்கீஸ் கார்டு எது வந்தாலும் உங்களுக்கு. ஒன்றுமே வரவில்லையா? கோவிந்தா.

ஒரு மூலையில் எதுவும் அச்சிடாத தடித்த வெற்று அட்டைகள் குவிந்து கிடந்தன. ஆட்டக்காரரின் சட்டைத் துண்டு பதித்த கார்டு மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும் இல்லையா? அதனால் சில எமகாதகர்கள் உறையைத் தடவிப் பார்த்தும், தராசில் நிறுத்தும் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார்களாம். அவர்களை ஏமாற்ற, கார்டு போடும் நிறுவனமே சாதா உறைகளிலும் வெற்று அட்டையைச் சொருக ஆரம்பித்தது. திருடனுக்குத் தேள் கொட்டட்டும் என்று.

இந்தக் கூத்தின் இன்றைய வடிவத்துக்குப் பிள்ளையார் சுழி ஒரு சமையலறை மேஜையில் போடப்பட்டது. 1951 இலையுதிர்காலம், புரூக்ளின். டாப்ஸ் பபிள்கம் கம்பெனியில் வேலை பார்த்த சை பெர்கர், சக ஊழியர் வுடி கெல்மனோடு தன் வீட்டில் உட்கார்ந்து, கத்தரியும் அட்டையுமாக மாதிரிக் கார்டு செய்தார். முன்பக்கம் வண்ணப்படம், டீம் சின்னம், கையெழுத்து. பின்பக்கம் ஆட்டப் புள்ளிவிவரம். 1952 வரிசையில் மொத்தம் 407 கார்டு. கடைசித் தவணை கடைக்கு வந்தபோது பேஸ்பால் சீசன் முடியும் நேரம். பிள்ளைகள் ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் வருடக்கணக்கில் தூங்கின. திருவிழாக் கடைக்காரர்களிடம் ஒரு சென்ட்டுக்குப் பத்து கார்டு என்று கூவிப் பார்த்தார் பெர்கர். சீந்துவாரில்லை. 1960-இல் நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார்.

கொட்டியதில் 311-ஆம் எண் கார்டும் இருந்தது. பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டில். கடலுக்குப் போகாமல் தப்பிய அதே கார்டுகளில் ஒன்று 2022 ஆகஸ்டில் ஏலம் போனது. 1 கோடியே 26 லட்சம் டாலர்! நம் கணக்கில் அன்றைக்குக் கிட்டத்தட்ட 100 கோடி ரூபாய். இதைக் கேட்டதிலிருந்து, வீடு மாறும்போது என் அம்மா பழைய பேப்பர்காரருக்கு அள்ளிப் போட்டவற்றையெல்லாம் நினைத்து எனக்கு வயிறு எரிகிறது.

விலை இவ்வளவு ஏற, நான்கு மூலையும் கூராக, விளிம்பு தேயாமல் இருக்க வேண்டும். மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருப்பது எல்லாவற்றையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடவே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் பேர் பெற்ற பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பெண் போட்டதே ஒரு சூப்பர் கார்டுக்கு: 1909-இல் தொடங்கிய சிகரெட் பெட்டிக் கார்டு வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 1991-இல் 4,51,000 டாலர் கொடுத்து வாங்கியது. அதற்கு 8 மதிப்பெண். 2013-இல்தான் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், அதன் ஓரத்தை நறுக்கிச் சரிசெய்தது தான்தான் என்று. அக்கா மகன் ஓரம், ஓரம் என்று ஏன் உயிரை விடுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டு நிறுவனமே பொய் சொன்ன கதையும் உண்டு. 1989-இல் அப்பர் டெக் என்ற கார்டு நிறுவனம் புதிதாகக் களமிறங்கியபோது, முதல் எண் கார்டை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. அங்கே வேலை பார்த்த டாம் கைட்மேன் என்ற கல்லூரி மாணவர் கை காட்டியது, உச்ச லீகான மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத கென் கிரிஃபி ஜூனியரை. அவரை எடுத்திருந்த மேரினர்ஸ் டீமின் தொப்பியோடு தோதான படம் இல்லை. அதனாலென்ன? கீழ்நிலை டீம் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்த படத்தில், தொப்பியை மட்டும் மேரினர்ஸ் தொப்பியாக மாற்றிவிட்டார்கள். அந்தப் பொய்த் தொப்பிக் கார்டைக் கடைக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது பொய்யெல்லாம் வேண்டாம், நிஜத்தையே வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். 2023 முதல், மேஜர் லீகில் காலடி வைக்கும் ஒவ்வொரு புதுமுகமும் முதல் ஆட்டத்தன்று சட்டைக் கையில் ஒரு சின்னம் தைத்துக்கொண்டுதான் இறங்குகிறார். ஆட்டம் முடிந்ததும் அது நிஜம்தான் என்று சான்று பெற்று டாப்ஸுக்குப் போகிறது. அங்கே ஒரே ஒரு கார்டில் பதிகிறார்கள். 2024 மே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக முதல் பந்து வீசிய பால் ஸ்கீன்ஸின் சின்னம் எந்த உறைக்குள் இருக்கிறது என்று நாடே தேடியது. கொண்டு வருபவருக்கு, 30 வருடத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட் என்று பைரேட்ஸ் அறிவித்தது. கடைசியில் கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் கையில் அது அகப்பட்டது. குடும்பம் டிக்கெட்டை வேண்டாம் என்றது. 2025 மார்ச்சில் ஏலம், 11 லட்சத்து 10 ஆயிரம் டாலர். "என்னைவிட ஒரு வயசு சின்னவன்" என்று அக்கா மகன் இன்னமும் பெருமூச்சு விடுகிறான்.

ஜாதகம் எப்போதும் பலிக்குமா என்ன? பெரிய நட்சத்திரமாகிவிட்ட மைக் டிரவுட்டின் 2009 போமன் சூப்பர்ஃபிராக்டர் 2020-இல் 39 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் 1991-இல் யாங்கீஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பிரையன் டெய்லரின் கார்டுக்கும் இதே மாதிரி அடிதடிதான். ஒரு கைகலப்பில் அவர் தோள்பட்டை போனது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை.

என் பங்குக்கும் ஒரு உறை வாங்கினேன். சரக்! உள்ளே மீசை சரியாக அரும்பாத ஓர் இடதுகை பிட்சர், 'ஃபர்ஸ்ட்' முத்திரையோடு. அக்கா மகன் போனில் விலை பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஒரு டாலர்கூட வராது. கீழ்ப்படி லீக், சிங்கிள்-ஏல ஆடறான். குடுத்துடுங்க சித்தி, நான் வேற தரேன்." தர முடியாது என்றேன். ஓரத்தை மட்டும் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, அதைக் கெட்டியான டாப் லோடரில் சொருகிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, வரைபடத்தில்கூட நான் தேடியிராத ஒரு ஊரின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருக்கிறான் என் பையன்! பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் கண் படும்.