ஆட்டுத்தோலில் ஓர் ஓநாய்: மரபுத்தொடரும் அதன் பிரயோகமும்

மாணவர்களே, ‘அ வுல்ஃப் இன் ஷீப்ஸ் குளோதிங்’ என்னும் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘செம்மறியாட்டின் உடையில் ஓர் ஓநாய்’ என வரும். சாதுவானவர், நல்லவர் எனத் தோன்றிக்கொண்டு, தீங்கு செய்யும் எண்ணத்தை உள்ளே மறைத்து வைத்திருப்பவரையே இது குறிக்கும். தமிழில் ‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்போம். கருத்து எழுதச் சொன்னால் இதையே எழுதுங்கள். ஓநாயையும் ஆட்டையும் பற்றி நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இதன் மூலம் விவிலியம் ஆகும். மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில், போலித் தீர்க்கதரிசிகளைப் பற்றி இயேசு எச்சரிக்கும் இடத்தில் இவ்வுருவகம் வருகிறது. ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு மந்தைக்குள் புகுந்த ஓநாயை, இறைச்சிக்கு ஆடு தேடிய இடையன் ஆடென்றே நினைத்து வெட்டிவிட்ட கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈசாப் கதையென அது வழங்கினாலும், பழைய கிரேக்கத் தொகுப்புகளில் அது இல்லை.

இங்கே ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. ‘இது திருக்குறளிலும் உள்ளதே’ எனச் சிலர் 273ஆம் குறளைக் காட்டுவர். கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் வரும் அக்குறளில் பசுதான் புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேய்கிறது! மன உறுதி இல்லாதவன் தவ வேடம் பூணுவதை வள்ளுவர் அவ்வாறு காட்டுகிறார். இரண்டும் வேடத்தைப் பற்றியவையே. ஆனால் நமது தொடரில் கொடியது சாதுவின் தோலைப் போர்த்துகிறது. படம் தலைகீழானது என்பதை மறவாதீர்கள்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். ‘இன்’ என்றதும் ‘உள்ளே’ எனப் பொருள் கொள்ளாதீர்கள். இங்கு அது ‘அணிந்த’ என்னும் பொருளைத் தருகிறது. வெள்ளை உடை அணிந்த மனிதரை ‘த மேன் இன் வைட்’ என்பது போலத்தான். ‘குளோதிங்’ என்பதற்குப் பதிலாக ‘குளோத்’ என எழுதினால் அது வெறும் துணியாகிவிடும். பலரைக் குறிக்கும்போது ‘வுல்ஃப்’ என்பது ‘வுல்வ்ஸ்’ ஆகும், முன்னுள்ள ‘அ’ நீங்கும், மற்றவை மாறா. ‘வொல்ஃப்’ என உச்சரிப்பதும் பிழை.

ஒருவரது உண்மை முகம் பின்னர் வெளிப்படுவதையே பெரும்பாலும் இத்தொடரால் சொல்கிறோம். ஆகவே ‘டேர்ன்ட் அவுட் டு பி’, அதாவது ‘என்பது பின்னர் தெரியவந்தது’ என்ற வினையுடன் இது நன்றாகப் பொருந்தும். இனிக்க இனிக்கப் பேசி, குடும்பத்தாரின் பணத்தையும் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் போலி வேலைவாய்ப்பு முகவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: ‘த ஏஜன்ட் டேர்ன்ட் அவுட் டு பி அ வுல்ஃப் இன் ஷீப்ஸ் குளோதிங்.’ இந்த ஒரு வசனம் கட்டுரையின் ஒரு பந்திக்கே உயிர் கொடுக்கும்.

எல்லாப் பொய்யருக்கும் இதைச் சூட்டிவிடக் கூடாது. வீட்டுவேலை செய்யாமல் ‘கொப்பியை மறந்துவிட்டேன்’ என்ற வகுப்புத் தோழன் ஓநாய் அல்லன், பாவம். வெளிப்படையாகவே முரட்டுத்தனம் காட்டுபவருக்கும் பொருந்தாது. அவர் எந்தத் தோலையும் போர்த்தவில்லையே. முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் பேசுபவருக்கு ‘டூ-ஃபேஸ்ட்’ என்ற பெயரடை போதும். நண்பன்போல் அருகிலிருந்து துரோகம் செய்பவரை ‘அ ஸ்னேக் இன் த கிராஸ்’ என்பர். புல்லில் மறைந்த பாம்பு என்னும் இவ்வுருவகம் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த ரோமக் கவிஞர் வேர்ஜிலின் முல்லைப் பாடல்களிலேயே உண்டு. இவை யாவும் கடுமையான சொற்கள். விண்ணப்பக் கடிதத்திலோ முறைப்பாட்டுக் கடிதத்திலோ எவரையும் இப்படிக் குறிப்பிட வேண்டாம்.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. இரண்டில் ஒன்றுக்கு இம்மரபுத்தொடர் பொருந்தாது. எதற்கு எனக் கண்டுபிடித்து, காரணத்தையும் எழுதுக.

(அ) உதவி செய்வதாக வந்த அந்த அயலவர் பசுத்தோல் போர்த்திய புலி என்பது பின்னர் தெரியவந்தது.

(ஆ) அந்தக் கடைக்காரர் எப்போதும் எல்லோரையும் ஏசுவார்.