தோஷிகோ அகியோஷி
பியானோ கலைஞர், இசையமைப்பாளர். பிறப்பு: 1929

மஞ்சூரியாவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும், உடைமைகளை இழந்த குடும்பம் ஜப்பானின் பெப்பு நகருக்குத் திரும்பியது. அங்கே நடனக்கூடம் ஒன்றில் பியானோ வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். டோக்கியோவில் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்த ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் பரிந்துரையால் முதல் இசைத்தட்டு பதிவானது. 1956இல் பாஸ்டன் சென்று, பெர்க்லி இசைப்பள்ளியின் முதல் ஜப்பானிய மாணவரானார்.

கிமோனோ உடுத்திய பெண், ஜாஸ் பியானோ கலைஞர் பட் பவலின் பாணியில் வாசிப்பது அன்றைய அமெரிக்காவுக்கு வேடிக்கை. அந்த வேடிக்கையைத் தாண்டித் தன் குரலைக் கண்டடைய அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1973இல், கணவரும் சாக்ஸபோன் கலைஞருமான லூ டபாக்கினுடன் லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய ஜாஸ் குழுவைத் தொடங்கினார். ‘கோகுன்’ என்ற படைப்பில் ஜப்பானிய நோ நாடகத்தின் சுசுமி முழவும் பாட்டும் பித்தளைக் கருவிகளோடு மோதுகின்றன. போர் முடிந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் காட்டில் ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர் ஓனோடாவை நினைத்து எழுதியது அது. பாதரச நஞ்சால் சிதைந்த மீனவ ஊருக்காக ‘மினமாதா’வையும் இயற்றினார். தாய்நாட்டு இசையை அலங்காரமாகத் தொட்டுக்கொள்ளாமல் ஜாஸின் உடலுக்குள் கொண்டுவந்ததே அவரது பெருஞ்சாதனை.

2007இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது வழங்கியது.