பெற்றோர் வழியும் பிள்ளை வாழ்வும்: சபரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம்மவர் வழக்கு. பெற்றோரின் குணமே பிள்ளையின் பிற்கால வாழ்வை வகுக்கிறது என்னும் இக்கருத்து ஓரளவு உண்மையே. ஆயினும் குணம் எனப்படுவதில் பிறப்பால் வந்தது எது, உறவாலும் சூழலாலும் விளைந்தது எது என ஆராயாது முடிவுகட்டல் பொருந்தாது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும்.

இறப்பர் மரத்திற் பால் நன்கு வடிவது வைகறைக் குளிர்ப்பொழுதிலாகும். ஆதலின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிற் பால்வெட்டும் தாய், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடமோ லயத்திற் பாட்டியிடமோ விட்டுச் செல்ல நேர்கிறது. 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஜோன் பௌல்பி அளித்த அறிக்கை, தாயுடனோ தாய் நிலையில் நிற்கும் ஒருவருடனோ அமையும் அன்பான, இடையறாத உறவு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என வலியுறுத்தியது. ஈண்டு ‘தாய் நிலையில் நிற்கும் ஒருவர்’ என்பது கருதத்தக்கது. பாட்டியின் அரவணைப்பு நிலைத்திருக்கும் வீட்டில், தாய் வேலைக்குச் செல்வது ஒன்றே குழந்தைக்கு ஊறாகிவிடாது. அவ்வுறவு அறுபடும்போதே ஊறு நேர்கிறது.

தோட்டங்களில் அவ்வாறு உறவை அறுத்தவற்றுள் சட்டமும் ஒன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் இங்கு பிறந்தவர் தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவவேண்டியிருந்தது. முறையான மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் கணக்கில் எடுக்கப்படவில்லை. தந்தையிடம் ஆவணம் இன்மை மகனுக்கு வாக்குரிமையையும் அரச உத்தியோகத்தையும் மறுத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க உடன்பட்டன. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இப்பங்கீட்டிற் குடும்பங்களும் பிரிந்தன. பெற்றோர் தலைமன்னாரிற் கப்பலேற, மணமான மகள் இங்கே தங்கினாள். அவள் பிள்ளைகள் பாட்டியை இழந்தனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை நல்கியது. எனினும் இளமையில் அறுந்த உறவைச் சட்டம் மீட்டுத் தராது.

ஆகவே, தோட்டத்து மாணவன் ஒருவன் படிப்பை இடையில் விடும்போது ‘அப்பனைப் போலவே பிள்ளை’ என்று கூறி அமைதல் ஆசிரியர்க்கு எளிது. ஆனால் அது ஆராய்ச்சியாகாது. அவனை வளர்த்தவர் யார், அவர் எப்போது பிரிந்தார், தந்தைக்கு எவ்வுரிமை மறுக்கப்பட்டது என்னும் வினாக்களே முதலில் எழுதல் வேண்டும். பிறவிக்குணத்தை மாற்றுதல் அரிது. உறவையும் உரிமையையும் பேணுதல் சமூகத்தின் கையிலுள்ளது.