சிறிய வீட்டில் எத்தனை பூனைகள்?

வையம்பட்டியில் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மை நிறுத்தினார். திருச்சியில் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள், பிராணிகள் காப்பகம் ஒன்றில் தொண்டு செய்யும் தோழிகள் கேட்டார்கள் என்று இரண்டு பூனைக்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாள். நிரந்தரமாக அல்ல, நல்ல வீடு கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுக்க வேண்டும். அதை அவர்கள் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். இப்போது இன்னும் மூன்று குட்டிகளை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்களாம். வீடோ ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை. இருப்பது ஆறு பேர். அவருடைய தாயாருக்கு மூச்சிரைப்பு வேறு. "ஹஜ்ரத், பூனை வளர்ப்பது சுன்னத்துதானே? வேண்டாம் என்று சொன்னால் பாவமாகிவிடுமா?" என்று கேட்டார்.

நின்றபடியே பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. இதே கேள்வி வேறு குடும்பங்களிலும் வருவதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். நபி (ஸல்) அவர்களிடம் முஅஸ்ஸா என்ற பூனை இருந்தது, அது தூங்கியபோது தம் அங்கியின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதை வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. ஹதீஸ் நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை. பூனையின் மீது அன்பு காட்ட நமக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை அவர்களே சொன்னதாகத் திர்மிதியில் இருக்கிறது. குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனை இருந்தது. இரவில் அதை மரத்தில் விட்டுவைப்பார்கள், பகலில் உடன் கொண்டுபோய் விளையாடுவார்கள். ஏழை மேய்ப்பர், ஒரே ஒரு பூனை.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியந்து பார்த்ததும், பூனை அசுத்தமானதல்ல, நம் வீடுகளில் நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். ஆகவே பூனை வீட்டில் இருப்பதில் தடையில்லை. ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். தொழுகை விரிப்பு, தொழும் இடம், துணி அலமாரி ஆகியவை பூனை போக முடியாதபடி இருக்க வேண்டும். ஒரே ஹாலில் தொழுது, சாப்பிட்டு, உறங்கும் வீட்டில் இதுவே பெரிய வேலை.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு நேரான ஹதீஸ் ஒன்று. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்ததால் நரகம் புகுந்தாள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் ஊரும் பூச்சிகளைத் தானே பிடித்துத் தின்ன விடவும் இல்லை. நாம் இதை அடித்துக் கொடுமை செய்வோருக்கான எச்சரிக்கையாக மட்டும் வாசித்துவிடுகிறோம். குற்றம் இரண்டும் சேர்ந்தது: அடைத்தது, கொடுக்காதது. தெருப் பூனைக்கு எப்படியோ இரை கிடைத்துவிடும். காப்பகத்துக் குட்டியைக் கதவடைத்து வளர்க்கும்போது அதன் இரை முழுவதும் நம் கையில் வந்துவிடுகிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். சுமக்க முடியாத அமானத்தை வாங்கிக்கொள்வது நன்மையில் சேராது. இயலாது என்று உண்மையாகச் சொல்பவர் மீது பாவமும் இல்லை.

காப்பகங்கள் ஏன் வீடுகளை நாடுகின்றன? பல இடங்களிலிருந்து வரும் பூனைகள் ஒரே இடத்தில் இருப்பதால் நோய் எளிதாகப் பரவும். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். தரையிலும் துணியிலும் ஒட்டிய அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐந்தாறு வாரக் குட்டிக்குக் கூண்டைவிட ஒரு வீட்டின் மூலை பாதுகாப்பானது. ஆனால் வீட்டிலேயே ஐந்து, ஆறு என்று சேர்த்துவிட்டால், எதைத் தவிர்க்கக் கொண்டு வந்தோமோ அந்த நெரிசலை நாமே உண்டாக்கிவிடுகிறோம். எனவே முன்பே இருக்கும் குட்டிகளோடு புதிய குட்டியை இரண்டு வாரம் சேர்க்கக் கூடாது. மூடக்கூடிய தனி இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் இல்லாத வீடு, ஒன்றாக வந்த குட்டிகளை வளர்த்துக் கொடுத்த பிறகே அடுத்ததை வாங்கலாம்.

எண்ணிக்கைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பூனைகள் எத்தனையோ, அதைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டு வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். தொழும் இடத்துக்கும் அடுப்படிக்கும் விலகி எத்தனை தட்டு வைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றைக் கழியுங்கள். அந்தச் சகோதரரின் வீட்டில் மூன்று தட்டுக்குத்தான் இடம், விடை இரண்டு. தட்டு அழுக்கானால் பூனை வேறு இடம் தேடும், பாயில் சிறுநீர் கழிக்கும். பிறகு வீட்டில் சண்டை வரும், குட்டி சாக்கில் கட்டப்பட்டுச் சந்தை ஓரம் போகும். அப்படிப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம்.

வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் யாரும் பூனை வாங்க வேண்டாம். தட்டைச் சுத்தம் செய்வது கடைசியில் யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பூனை மலத்தின் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடியது. அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினமும் மண்ணை அள்ளிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சே.

உணவில் நம் மக்கள் செய்யும் தவறு பாலும் சோறும். பசும்பால் குட்டிகளுக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கைத் தரும். பூனை இறைச்சி உண்ணும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டும், தயிர்சோற்றில் அது இல்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கொச்சியில் மூன்று பூனை வளர்த்த ஒருவருக்கு உணவு வாங்கிவர வாகன அனுமதி கிடைக்கவில்லை. அவர் சைவம், வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. கேரள உயர் நீதிமன்றம் போய் அனுமதி பெற்றார். நீதிமன்றம் போக எல்லோராலும் முடியாது. மாதத் தீனிச் செலவை முன்கூட்டியே எழுதிப் பார்க்கலாம். காப்பகம் எதைக் கொடுக்கும், மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனை இறந்துவிடும். பினாயில் ஊற்றித் துடைத்த தரையும் ஆபத்து. காலை நக்கும்போது உள்ளே போய்விடும். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல.

கருத்தடை பற்றியும் கேட்கிறார்கள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். சுமார் 65 நாளில் குட்டி போடும். பயன் இருந்தால் விலங்குகளுக்குக் காயடிப்பதை ஹனஃபி சட்ட வல்லுநர்கள் அனுமதித்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு அதிகம். பெருகித் தொல்லையானால், துன்புறுத்தாத அறுவை சிகிச்சை கொல்வதைவிட மேல் என்று இக்கால ஆலிம்கள் சிலர் கூறியிருக்கிறார்கள். நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கெய்ரோவில் 13-ம் நூற்றாண்டில் சுல்தான் பைபர்ஸ் பூனைகளுக்கென்றே ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், அந்தத் தோட்டம் கைமாறிப் போயிருந்தாலும் அஸர் நேரத்தில் காஜியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சித் துண்டுகள் போடப்பட்டதை எழுதியிருக்கிறார். எல்லாப் பூனையையும் வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டும் என்பதில்லை.

அந்தச் சகோதரர் மூன்று குட்டிகளுக்கு 'இப்போது இயலாது' என்று சொல்லியனுப்பினார். இருக்கும் இரண்டுக்கும் தடுப்பூசி முடிந்ததும் மணப்பாறையில் ஒரு வீடு பேசி வைத்திருக்கிறார்கள். பிறகு தட்டுகளைக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த இரண்டைக் கேட்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். அவருடைய தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை.