செஞ்சியிலிருந்து கடற்கரைக்குப் போன தூண்கள்

போரில் வென்றவர்கள் வாளையும் பீரங்கியையும் கொண்டுபோவது வழக்கம். கோயில் தூண்களையே பெயர்த்துக்கொண்டு போனதைக் கேள்விப்பட்டதுண்டா, நேயர்களே?

ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் உரிமை கோரி மோதிய வாரிசுரிமைப் போரில், அதாவது ஒரே அரசுக்காக உள்நாட்டிலேயே மூண்ட போரில், சந்தா சாகிபின் பக்கம் நின்ற பிரெஞ்சுப் படை, 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் தலைமையில், எளிதில் வீழாது எனப் பெயர்பெற்ற செஞ்சிக் கோட்டையை இரவோடு இரவாகக் கைப்பற்றியது. அக்கோட்டையின் அடிவாரத்திலுள்ள வெங்கடரமணர் கோயிலிலிருந்து, அடி முதல் முடி வரை ஒரே கருங்கல்லில் செதுக்கப்பட்ட, ஒற்றைக்கல் தூண்கள் எனப்படும் கனமான தூண்கள், பிரெஞ்சுக்காரர்களால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று அந்நகரின் கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து, உடலெங்கும் நுண்ணிய சிற்பவேலையுடன் நிற்பவை அவையே. நாயக்கர் காலச் சிற்பிகள் இறைவனுக்கென்று வடித்தவை போர்ப்பொருளானது வருந்தத்தக்கதே. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள செஞ்சிக் கோட்டையிலிருந்து இப்போது ஒரு சிற்பத் துண்டைப் பெயர்த்தெடுப்பதும், 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.