நீரை மூடினால் மிச்சமாகுமா? பண்ணைக்குட்டைக்கு ஒரு வாளிக் கணக்கு

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வைகை அணையில் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. எஞ்சிய நீர் வெயிலில் ஆவியாகாமல் காக்க, தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி இணைத்து அணை நீரின் மேல் மிதக்க விடும் திட்டம், அமைச்சர் ஒருவரால் தொடங்கி வைக்கப்பட்டது. சிறிது நேரத்திற்குள் அட்டைகள் காற்றில் நகர்ந்து கரைக்கே திரும்பின. நாடு முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகும் கிராமங்களில் ஒரு விவாதம் ஓயவில்லை. 'அணையில்தான் பலிக்கவில்லை, நம் குட்டையில் பலிக்குமா?' என்று கேட்கும் விவசாயிகள் இன்றும் உண்டு. இது நியாயமான கேள்வி. நீரை மூடினால் ஆவியாவது குறையும் என்ற கருத்தில் தவறு எதுவும் இல்லை. மூடி போட்ட பானையில் நீர் குறையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிழை வேறு இடத்தில் இருந்தது.

தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றே. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை அங்குலக் கனம் உள்ள அட்டையின் எடை சுமார் 100 கிராம். அணை போன்ற பரந்த நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க மரமோ சுவரோ கிடையாது. அட்டை அங்கே பாய்மரம் போலத்தான் நடந்துகொள்ளும். அடுத்தது பரப்பின் கணக்கு. மூடிய இடத்தில் மட்டுமே ஆவியாவது குறையும். நீர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கை மூடினால், மிச்சமாவதும் அதிகபட்சம் நூற்றில் ஒரு பங்கே. இவ்விரண்டையும் ஒரு சிறு குளத்தில் நான்கு நாட்கள் சோதித்திருந்தால், அணைக்குப் போக வேண்டிய தேவையே எழுந்திராது.

அமெரிக்காவிலும் இதுபோன்ற முயற்சி நடந்தது. 2015ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீர்த் தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகள் மிதக்க விடப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 10 செ.மீ. விட்டம். காற்றில் பறக்காமல் இருக்கப் பந்துக்குள் சிறிது நீர் நிரப்பப்பட்டிருந்தது. காற்றை அவர்கள் மறக்கவில்லை. முதன்மை நோக்கம் குடிநீரில் வெயில் பட்டு உண்டாகும் கெடுதலான இரசாயனப் பொருளைத் தடுப்பது. ஆவியாவது குறைந்தது கூடுதல் பலன். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பந்துகளைத் தயாரிக்கச் செலவான நீரை ஈடுகட்டவே அவை சுமார் இரண்டரை ஆண்டுகள் மிதக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டியது. மிச்சத்தை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்காத கணக்கு எந்த நாட்டிலும் போடப்படுகிறது.

இனி நம் குட்டைக்கு வருவோம். நினைவில் வைக்க வேண்டிய அளவு ஒன்றே ஒன்று. ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் குறைந்தால், போனது சுமார் 4,000 லிட்டர். கோடையில் உள்மாவட்டங்களில் திறந்த குட்டையிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாவதாகக் கொண்டால், ஓர் ஏக்கரில் தினமும் 20,000 லிட்டர் போகிறது. 10 சென்ட் குட்டையில் 2,000 லிட்டர். நூறு நாளில் 2 லட்சம் லிட்டர். அந்தக் குட்டை ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால், கரைச்சரிவைக் கணக்கில் சேர்க்காமல், அதன் கொள்ளளவு சுமார் 6 லட்சம் லிட்டர். மூன்றில் ஒரு பங்கை வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன.

இதே 6 லட்சம் லிட்டரை 5 சென்ட் பரப்பில் 3 மீட்டர் ஆழத்தில் வைத்தால் இழப்பு பாதியாகும். வெயில் ஆழத்தைப் பார்ப்பதில்லை, பரப்பையே பார்க்கிறது. ஆகவே புதிதாகக் குட்டை வெட்டுவோர், பாறை குறுக்கிடாத இடமாகத் தேர்ந்து, அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவது நல்லது. கரை சரியாமல் இருக்கச் சரிவு தேவை என்பதால், மேற்சொன்ன கணக்கு அப்படியே வந்துவிடாது. ஆயினும் பலன் அந்தத் திசையில்தான் இருக்கும். ஏற்கெனவே அகலமான குட்டை உள்ளவர்கள் நடுவில் ஒரு வரப்பு எழுப்பி இரண்டாகப் பிரிக்கலாம். நீர் பாதியானதும் ஒரு பக்கத்து நீரை மறுபக்கத்திற்கு இறைத்துவிட்டால், வெயில் படும் பரப்பு பாதியாகிவிடும். டீசல் செலவைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்பாகத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. குட்டையில் குறைகிற நீர் எல்லாம் வானத்திற்குப் போகிறதா? பல குட்டைகளில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. பழி மட்டும் வெயில் மேல் விழுகிறது. இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாளி போதும்.

அகன்ற வாய் உள்ள வாளி, அல்லது பாதியாக வெட்டிய டிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். குட்டையின் ஓரத்தில், நிழல் விழாத இடத்தில், கல் அடுக்கி அதன் மேல் வாளியை நீரில் பெரும்பகுதி மூழ்கும்படி அசையாமல் வைக்கவும். வெளியே நீர் நிற்கும் மட்டத்திற்கே வாளிக்குள்ளும் நீர் ஊற்றவும். வாளியின் உட்புறம் ஒரு கோடு, குட்டையில் நட்ட குச்சியில் ஒரு கோடு. நான்கு நாட்களுக்கு நீர் இறைக்கக் கூடாது, புது நீர் வரக் கூடாது, ஆடுமாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கக் கூடாது. நடுவில் மழை பெய்தால் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நான்காம் நாள் முடிவில் இரண்டையும் அளக்கவும். வாளிக்குள் குறைந்தது ஆவியானது. குட்டையில் குறைந்தது ஆவியானதும் கசிந்ததும் சேர்ந்தது. வாளியில் 24 மி.மீ.யும் குட்டையில் 60 மி.மீ.யும் குறைந்திருந்தால், 36 மி.மீ. மண்ணுக்குள் போயிருக்கிறது. இப்படிப்பட்ட குட்டைக்கு மேலே மூடி போடுவது, அடியில் ஓட்டையுள்ள குடத்திற்குத் தட்டு வைத்து மூடுவது போன்றது.

கசிவு என்றதும் பதற வேண்டாம். சரிவின் கீழ்ப்புறம் அதே விவசாயியின் கிணறு இருந்தால், கசியும் நீரில் ஒரு பகுதி அங்கே ஊறலாம். அது நட்டம் ஆகாது. நிலத்தடியில் ஆழத்தில் நிற்கும் நீரை வெயில் தொடுவதில்லை. கிணறு இல்லாத இடத்தில், அல்லது பக்கத்து நிலத்துக்காரர் கிணறுதான் நிறைகிறது என்ற நிலையில், களிமண் இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். வசதி உள்ளவர்கள் கனமான பிளாஸ்டிக் தாள் விரிக்கலாம். எதைச் செய்வதென்பதை வாளி சொல்லும்.

ஆவியாவதே அதிகம் என்று தெரிந்தால், சிறு குட்டைகளில் கம்பி இழுத்து நிழல்வலை கட்டுவது பலன் தரும். நீர்ப்பரப்பில் வெயிலும் காற்றும் ஒருங்கே குறையும். காற்று வரும் பக்கத்தில் சவுக்கு, அகத்தி போன்றவற்றை வரிசையாக நடலாம். கரையின் மேல் மட்டும் மரம் வைக்கக் கூடாது, வேர் கரையைப் பிளக்கும், நீரையும் குடிக்கும். குட்டையின் மேல் பந்தல் போட்டுப் பீர்க்கு, பாகல் ஏற்றுவோரும் உண்டு. கொடியும் நீரைச் செலவிடத்தான் செய்யும், ஆனால் அந்தச் செலவுக்குக் காய் கிடைக்கிறது. தெர்மாகோல் அட்டையைச் சட்டத்தில் கட்டிச் சிறு குட்டையில் மிதக்க விட்டால் நிற்கும்தான். ஆனால் அது வெயிலில் நாளடைவில் பொடிந்து உதிரும். உதிர்ந்த மணிகளை மீன் விழுங்கும், பாசன நீரோடு வயலுக்கும் போகும். வாங்கிய விலைக்கு அது உகந்ததன்று.

ஆகாயத்தாமரை படர்ந்தால் குட்டை குளிர்ந்து நீர் நிற்கும் என்று சில இடங்களில் நம்புகிறார்கள். நிழல் விழுவது மெய். ஆனால் அந்த அகன்ற இலைகள் ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சிக் காற்றில் விடுகின்றன. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து போவதைவிட அதிக நீர் இந்தச் செடி வழியாகப் போகும். கண்ட உடனே அகற்ற வேண்டும்.

மற்றொரு வழிக்குக் காசே தேவையில்லை. குட்டையும் கிணறும் இரண்டும் உள்ளவர்களில் பலர், 'குட்டை நீர் கோடைக்கு இருக்கட்டும்' என்று கிணற்றை முதலில் இறைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் குட்டை நீரை முதலில் பயிருக்குப் பாய்ச்சிவிட்டு, மூடியின்றியே பத்திரமாக இருக்கும் கிணற்று நீரைக் கோடைக்கு விட வேண்டும். பாய்ச்சிய நீர் மண்ணில் நிற்க, வரிசைகளுக்கிடையே வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை மட்டை, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பரப்பவும்.

வாளிச் சோதனையை மாசியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் செய்து, அளவுகளை நோட்டில் தேதியுடன் குறித்து வைக்கவும். நிழல்வலைக்கோ பிளாஸ்டிக் தாளுக்கோ விலை கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லவும்.