கரையைக் காப்பதா, விட்டு விலகுவதா?

அலையோசை எட்டாத கணியம்பாடியில் அமர்ந்து கடலரிப்பைப் பற்றி எண்ணுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நம் வேலூரைத் தழுவிச் செல்லும் பாலாறு வயலூருக்கருகே கடலில் கலக்கிறது. ஆறுகள் கொண்டு சேர்க்கும் மணலே கடற்கரைக்கு உணவாகும். எனவே கரையின் நலத்தில் நமக்கும் பங்குண்டு.

கடல் கரையை அரிக்குங்கால் அரசின்முன் மூன்று வழிகள் உள்ளன. கற்சுவர் எழுப்பித் தடுக்கலாம். மக்களை உட்பகுதியில் குடியமர்த்தலாம். இயற்கையின் போக்கில் விட்டுவிடலாம். கட்டுவதற்கும் பேணுவதற்கும் ஆகும் செலவு ஒரு தட்டிலும், காக்கப்படும் உயிர், உடைமைகள் மறுதட்டிலும் வைத்துச் சீர்தூக்கப்படுகின்றன. 1953ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் 1,836 பேரை இழந்த நெதர்லாந்து நாடு, இக்கணக்கை அறிவியல் முறையில் போட்டது. மக்கள் செறிந்த மையப் பகுதிக்கு, 10,000 ஆண்டுகளில் ஒருமுறை நேரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும் கரைகளை அன்று வகுத்தது. ஏனைய பகுதிகளுக்கு அதனினும் குறைந்த காப்பே வகுக்கப்பட்டது.

தமிழகத்தில் இருவகை முடிவுகளையும் காண்கிறோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியை, மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. ஆயினும் மீனவர் சிலர் அங்கேயே குடிசை அமைத்துத் தொழிலைத் தொடர்ந்தனர்.

சென்னையின் நிலை வேறு. அங்குக் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர்கள் அதனை மறித்தபின், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகள் அரிப்புக்குள்ளாயின. வீடுகளும் சாலைகளும் நெருங்கிய இடமாதலின், அரசு கற்களைக் கொட்டியும் ‘தூண்டில் வளைவு’ எனப்படும் கல்தடுப்புகளை அமைத்தும் காக்க முனைந்தது. ஆனால் அத்தடுப்பின் தெற்கே மணல் சேருங்கால், வடக்கே உள்ள அடுத்த ஊர் தன் மணலை இழக்கிறது.

இங்கேதான் கணக்கின் குறை வெளிப்படுகிறது. கட்டடத்திற்கு விலை குறிப்பது எளிது. படகை ஏற்றி நிறுத்தவும் வலையை உலர்த்தவும் வேண்டிய மணற்பரப்பிற்கு யார் விலை குறிப்பது? ஓரூரின் காப்பு மற்றோர் ஊரின் இழப்பாகாதிருக்க, கரை முழுவதையும் ஒன்றாக நோக்கி முடிவு செய்தல் வேண்டும். அக்கரையோர மக்களின் சொல்லும் அதில் இடம்பெறுதல் வேண்டும். பாலாற்றில் மணல் அள்ளும் நாமும் அக்கணக்கிற்கு உட்பட்டவர்களே என்பதை மறத்தலாகாது.